தொட்டாலும் கட் ஆகாது

நாலு மணிக்குக் கூப்பிடறேன்னு சொன்னா நாலு மணிக்குக் கூப்பிடற பொண்ணா அவ, நாலரை ஆகும், அஞ்சுகூட ஆகும், இது எனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் மூணு மணிக்கே மூஞ்சியைக் கழுவி, புடவையை மாத்திக்கிட்டு, சாப்பாட்டு மேஜை முன்னாடி வந்து உட்கார்ந்தாச்சு, பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு உட்கார வச்ச மாதிரி. போன் எதிர்ல நிக்குது. எங்க மூக்குக்கண்ணாடிக் கடையில ப்ரேம் மாட்டி வைக்கற ஸ்டாண்டு ஒண்ணை இவர் எடுத்துட்டு வந்து, அதுல போனைச் சாய்ச்சு, என் முகம் நேராத் தெரியற மாதிரி வச்சுட்டுப் போயிருக்கார். போயிருக்கார்னா எங்க, இதோ முன் ரூம்லதான், பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு. காலைலேர்ந்து அதே பக்கம். அப்படி என்னதான் போட்டிருக்கானோ அதுல. இன்னிக்கு மட்டும் கட் ஆகக் கூடாது. வயலூர் முருகா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். நாளைக்குக் காலைல என் பொண்ணு சுகந்திக்கு ஆபரேஷன், எங்கயோ புவனேஸ்வர்ல, பிள்ளை தலை திரும்பலையாம், வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும்னு டாக்டர் நாள் குறிச்சாச்சு. தலைப்பிரசவம். இங்க திருச்சியில என் வீட்ல, என் கையால ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கிட்டு, நான் இடுப்பைப் பிடிச்சு விட நடந்திருக்க வேண்டியது. அது இல்லைன்னு ஆயிடுச்சு. போகட்டும். அவ ஆஸ்பத்திரிக்குள்ள போறதுக்கு முன்னாடி அம்மாவும் பொண்ணும் ஒரு பேச்சை முழுசாப் பேசி முடிக்கணும், நடுவுல அறுந்து போகாம. அவ்வளவுதான் நான் கேக்கறது, இது ஒரு பெரிய வரமா.

ஏன் நீயே நேர்ல போக வேண்டியதுதானேன்னு ஊர்ல கேக்காத ஆளில்லை. போறதுக்கு எனக்கென்ன, பையைத் தூக்கிட்டுப் போன மாசமே ரயில் ஏறியிருப்பேன். அவ விட்டாதானே. "வந்தா ரெண்டு பேரும் வாங்கம்மா. நீ மட்டும் ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து என்னைப் பாக்க வேணாம், நான் ஒண்ணும் தப்புப் பண்ணலை"ன்னு சொல்லிட்டா. அப்பன் புத்தி அப்படியே இருக்கு, ஒரு குண்டுமணி குறையலை. பிஸ்வஜித்னு அந்தப் பையன், இவளோட ஆபீஸ்ல கூட வேலை பாத்தவன், ஒடியாக்காரன், நல்ல பையன்தான், வீடியோவுல என்னைக் கண்டா "நமஸ்தே மா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டு, அதுக்கு மேல என்ன பேசறதுன்னு தெரியாம சிரிச்சுக்கிட்டே நிப்பான். ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டு, பண்ணி முடிச்சதுக்கப்பறம்தான் போன் பண்ணா. இவர் கத்தலை. குதிக்கலை. "நல்லா இரு"ன்னு ஒரு வார்த்தை சொன்னார், போனை என் கையில குடுத்துட்டு கொல்லைப்பக்கம் போயிட்டார். அதோட சரி. அன்னிலேர்ந்து அவகிட்ட ஒரு சொல் கிடையாது. வேத்து ஜாதி, வேத்து பாஷைங்கறதெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும், "முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல"ன்னு ஒரே ஒரு தடவை, குளிச்சுட்டுத் தலை துவட்டிக்கிட்டே சொன்னார், சுவத்தைப் பாத்து. அந்த ஒரு வார்த்தைலதான் இவருக்கு முள்ளு. அவளுக்கு என்னன்னா, நல்லா இருன்னு சொல்லிட்டு ஏன் பேசலைங்கறதுல முள்ளு. நடுவுல நான் கிடந்து அல்லாடறேன்.

அதுலயும் இந்த கட் ஆகற கூத்து. வாராவாரம் ஞாயித்துக்கிழமை வீடியோவுல கூப்பிடுவா. நல்லாத்தான் ஆரம்பிக்கும். என்ன சமைச்ச, என்ன சாப்பிட்ட, கால் வீங்குதா, புளிப்பா எதாவது கேக்குதா நாக்கு. அவ முகம் நல்லாப் பூசினாப்ல வந்திருக்கும், சிரிப்பா, டப்புனு திரை இருட்டாப் போயிடும். நான் மறுபடி கூப்பிட்டா எடுக்கமாட்டா. ஒரு தடவைன்னா நெட்வொர்க்குன்னு சொல்லலாம். ஒவ்வொரு தடவையும். ஒரு வாரம் அவ தலைல முயல் காது முளைச்சு மூக்கு கறுப்பாயிடுச்சு, நான் பயந்துட்டேன், அவ சிரிச்சுச் சிரிச்சு வயித்தைப் பிடிச்சுக்கிட்டா, அந்த ஒரு வாரம்தான் நல்லபடியா முடிஞ்சுது. மத்த நாளெல்லாம் பாதியிலயே அறுந்துது. போன மாசம் கேட்டா பாருங்க ஒரு கேள்வி. "அம்மா, உண்மையைச் சொல்லு. அப்பா ரூமுக்குள்ள வந்ததும் நீ கட் பண்றியா, இல்ல அவரே வாங்கிக் கட் பண்றாரா?" ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், முன் ரூம்ல இவர் காதுலயும் விழுந்திருக்கும், விழாம எப்படி. அட, பண்ணாத பாவத்துக்குப் பழி. வேற யாரா இருந்தாலும் எழுந்து வந்து, "நான் ஏன்டி கட் பண்றேன்"னு ஒரு சத்தமாவது போட்டிருப்பாங்க. இவர் பேப்பரைத் திருப்பற சத்தம்தான் கேட்டுது.

ஆனா அடுத்த வாரம் சும்மா இருக்கலை மனுஷன். நான் பேசிக்கிட்டிருக்கேன், தண்ணி குடிக்க வர்ற மாதிரி வந்து, கேமராவுல விழாம ப்ரிட்ஜுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டார். கையில சொம்பு. தண்ணியும் குடிக்கலை, போகவும் இல்லை. திரை இருட்டானதும், "நீதான் கட் பண்ற"ன்னார். எனக்கு வந்துது பாருங்க கோபம். ஏன் பொண்ணும் அப்பனும் சேர்ந்து என்னையே சொல்றீங்கன்னு பிடிபிடின்னு பிடிச்சுட்டேன். முழுசாக் கேட்டுட்டு, சொம்பைக் கீழ வச்சுட்டு, என் ரெண்டு கையையும் பிடிச்சுக் காட்டினார். "அவ சிரிச்சா உன் கை போகுது. கன்னத்தை வழிச்சுத் திருஷ்டி கழிக்கற. அவ தாடைக்குக் கீழதான் அந்தச் சிவப்பு பட்டன் இருக்கு." எனக்குத் தெரியவே தெரியாது, சத்தியமா. பிள்ளை முகம் பளிச்சுனு இருந்தா கை தன்னால போகும், ரெண்டு கன்னத்தையும் வழிச்சு நம்ம நெத்திப்பொட்டுல வச்சு நெட்டி முறிக்கணும், படபடன்னு பத்து விரலும் முறியணும், அப்பதான் கண்ணு பட்டது போகும். எங்க அம்மா எனக்குச் செஞ்சது, நான் இவளுக்குச் செஞ்சது. இதை யோசிச்சா செய்வாங்க. கண்ணாடிக்குள்ள இருக்கற முகம்னு கைக்கு என்ன தெரியும். அவ சிரிக்கச் சிரிக்க நானே அவளை அறுத்து விட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அழுகையே வந்துடுச்சு. இதை அவகிட்டச் சொன்னேன், அடுத்த வாரம், ஆதியோடந்தமா. "சும்மா அப்பாவைக் காப்பாத்தாதேம்மா"ன்னுட்டா. நம்பலை. அவளுக்கு அது நான் கட்டின கதை.

இதுல பாருங்க, இவர் என்கிட்ட ஒண்ணு சொல்லலை. அதை நினைச்சாத்தான் எனக்கு இவரை என்னன்னு சொல்றதுன்னே தெரியலை. தொடாதேன்னு சொல்லலை. சுலபமா சொல்லியிருக்கலாம், கையைக் கட்டிக்கிட்டு உக்காருன்னா முடிஞ்சுது, எந்த ஆம்பளையும் அதைத்தான் சொல்லியிருப்பான், நானும் சரின்னு ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். இவர் என் கையை விட்டுட்டார், போனை எடுத்துக்கிட்டார். முதல்ல ஒரு அட்டையை வெட்டி, கடையில கண்ணு டெஸ்ட் பண்ணும்போது ஒரு கண்ணை மறைக்கற அட்டை இருக்கே அதுதான், போனோட கீழ்ப்பக்கம் ஒட்டினார். தொட்டுப் பாத்தா அட்டை வழியா அது பாட்டுக்கு வேலை செய்யுது. இவர் மூஞ்சியைப் பாக்கணுமே. அப்பறம் ப்ரேமுக்குப் போடற ரப்பரை நறுக்கி ஒட்டினார். தொடறது நின்னுது, அவ கழுத்தும் சேர்ந்து மறைஞ்சுது, தாலிக்கொடி தெரியலை, எனக்கு வேணாம்னுட்டேன். அதையும் உரிச்சுப் போட்டார். அதுக்கப்பறம் சாயங்காலம் ஆனா கடையில என் போனும் கையுமா இருந்திருக்கார், வர்றவங்களுக்குக் கண்ணாடி மாட்டி விட்டுட்டு வந்து மறுபடி அதைக் குடைஞ்சிருக்கார். வேலை பாக்கற பொண்ணு ஸ்டெல்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "சார் உங்க போனைத் திட்டறாருக்கா"ன்னா. திட்டறாராம், இவரு. போன வாரம் கொண்டுவந்து மேஜையில வச்சார். "அவ வந்ததும் பச்சையை இழு. அப்பறம் ஓரத்துல இருக்கற இந்தப் பட்டனை மூணு தரம் அமுக்கு. இப்பத் தொடு." ஸ்டெல்லாவையே வீடியோவுல கூப்பிட்டு வச்சிருந்தார் ஒத்திகைக்கு. திரையில அவ முகம் மட்டும்தான், சிவப்பு இல்லை, மைக் படம் இல்லை, முயல் காது கொண்டுவர்ற நட்சத்திரம் இல்லை, கீழ இருக்கற கோடும் இல்லை. பயந்து பயந்து ஒரு விரலால தொட்டேன். "கன்னத்துல தொடு"ன்னார். தொட்டேன். "வழி." வழிச்சேன். ஸ்டெல்லா என்னடா இந்த அக்கா நம்ம கன்னத்தை வழிக்குதுன்னு முழிக்கறா, கட் ஆகலை. அழுத்தித் தேச்சேன், பாத்திரம் தேய்க்கற மாதிரி. ஆகலை. நான் இவரைப் பாத்தேன். இவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டிருந்தார்.

இப்படித்தான் எப்பவும். சுகந்தி கைக்குழந்தையா இருந்தப்ப தூக்கமே கிடையாது அவளுக்கு, எப்பவாவது அசந்தான்னா டிங் டாங்னு எவனாவது வந்து நிப்பான். நான் வாசல்ல போய் நின்னு வர்றவனையெல்லாம் வைவேன். இவர் ஒரு நாள் ஸ்டூலைப் போட்டு ஏறி காலிங் பெல் ஒயரையே பிடுங்கி விட்டுட்டார். அவ நடக்கற வரைக்கும் எங்க வீட்ல பெல் அடிக்கலை, வர்றவங்க அமுக்கிப் பாத்துட்டு, கரண்ட் இல்லை போலன்னு கதவைத் தட்டுவாங்க, தட்டினா அவ முழிக்கமாட்டா. ஒருத்தரையும் கோவிச்சுக்கலை, ஒரு வார்த்தை யார்கிட்டயும் விளக்கம் சொல்லலை. எது தொந்தரவோ அதை மட்டும் எடுத்துட்டு மத்ததை அப்படியே விட்டுடற கை அது. என்னால முடியாது, நான் வாயால ஊரைக் கூட்டறவ. இவ்வளவு தெரிஞ்ச மனுஷனுக்கு, பொண்ணுகிட்ட ஒரு சொல் பேசத் தெரியலையேன்னுதான் எனக்கு ஆதங்கம். அவளுக்கு வலி எடுக்காமலே பிள்ளையை எடுத்துடுவாங்களாம், முதுகுல ஊசி போடுவாங்களாம், இடுப்புக்குக் கீழ எதுவும் தெரியாதாம், ஆனா முழிச்சுக்கிட்டிருப்பாளாம். முழிச்சுக்கிட்டு என்னத்தை நினைப்பா. அம்மா மூஞ்சியையா, இருட்டான திரையையா. ஸ்கேன்ல எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. சொல்லுவாங்க. அடுப்புல பால் வச்சேனா, அணைச்சேனா. அணைச்சேன். நாலே கால். போன் சார்ஜ் இருக்கு, பச்சையா நிறைஞ்சு இருக்கு. அய்யோ அடிக்குது, எந்தப் பக்கம் இழுக்கணும், இழுத்துட்டேன். "பன்னீர் அண்ணன் இருக்காருங்களா?" எவனோ ஒருத்தன். பன்னீரும் இல்லை சந்தனமும் இல்லை, வைப்பா போனைன்னு வச்சேன். முன் ரூம்ல பேப்பர் கீழ இறங்கி மறுபடி மேல ஏறுச்சு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார். இந்தப் பாவி பன்னீரைத் தேடின நேரத்துல அவ கூப்பிட்டு, எங்கேஜ்னு நினைச்சு விட்டிருந்தா. நானா கூப்பிடட்டுமா. வேணாம், தூங்கிக்கிட்டு இருந்தா. வெள்ளிக்கிழமை படம் இல்லாம வெறும் போன்ல கூப்பிட்டப்ப குரல் கம்மிக் கிடந்துது. ஒருவேளை இன்னிக்கே அட்மிட் ஆயிடச் சொல்லிட்டாங்களோ. வலி எடுத்துருச்சோ. எடுத்தா அந்தப் பையன் எங்ககிட்டச் சொல்லுவான்ல, எந்த பாஷைல சொல்லுவான்.

அடிச்சுது. சுகந்தி பேர்தான், சுகந்தி படம்தான். பச்சையை இழுத்தேன், ஓரப் பட்டனை ஒண்ணு ரெண்டு மூணு, திரை ஒரு துள்ளு துள்ளி நின்னுது, அவ முகம் மட்டும். "என்னம்மா, தலைல கனகாம்பரமா, அமர்க்களமா இருக்க"ங்கறா. அவளும் எண்ணெய் வச்சு இழுத்துப் பின்னியிருக்கா, அவ மாமியார் பின்னி விட்டாங்களாம், நாளைக்கு ஆஸ்பத்திரியில சிக்கு விழாம இருக்கணும்னு. பாவம், அந்தம்மாவுக்கு இருக்கற அக்கறை. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் நான் பின்ன வேண்டிய தலைன்னு இருந்துது. பேசினோம். பயமா இருக்கான்னு கேட்டேன். "இல்ல"ன்னா. பின்னலை எடுத்து முன்னாடி போட்டுக்கிட்டு, "இருக்கு"ன்னா. நான் அவளைப் பெத்தப்ப டாக்டரை உதைச்சதைச் சொன்னேன், அவளுக்குத் தெரிஞ்ச கதைதான், ஆனாலும் சிரிச்சா, கன்னம் ரெண்டும் திரண்டு, மூக்குக்கண்ணாடி மேல ஏறி. கை போயிடுச்சு. போற கையைப் பாத்துட்டேன், நிறுத்தணும்னு தோணுச்சு, அப்பறம் எதுக்கு நிறுத்தணும்னு விட்டுட்டேன். ரெண்டு உள்ளங்கையையும் வச்சு அவ கன்னத்தை மேலேர்ந்து கீழ வழிச்சேன், வழுவழுன்னு சூடா இருந்துது போன், என் நெத்திப்பொட்டுல வச்சு முறிச்சேன், அத்தனை விரலும் சொடசொடன்னு முறிஞ்சுது. அவ சிரிப்பை நிறுத்திட்டா. காத்துக்கிட்டிருக்கா, இருட்டாகப் போகுதுன்னு. ஆகலை. "அம்மா"ங்கறா. "என்னடி." "நீ இதைத்தான் ஒவ்வொரு தடவையும் பண்ணியா?" "அதைத்தானே சொன்னேன், நம்பலையே நீ." "இன்னிக்கு மட்டும் எப்படிக் கட் ஆகலை?" "உங்கப்பா அதை எல்லாத்தையும் எடுத்துட்டார்." "எதை?" "பட்டனை. தொட்டா என்ன ஆகுமோ அத்தனையையும். மெனக்கெட்டு உட்கார்ந்து, அட்டை ஒட்டி, ரப்பர் ஒட்டி." அவ கண்ணாடியைக் கழட்டினா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. நான் இன்னொரு தடவை வழிச்சேன். கட் ஆகலைன்னு ஆனதும் கைக்கு ஆசை விடலை, நெத்தியைத் தொட்டேன், வகிட்டைத் தொட்டேன், அந்தக் கண்ணு ஓரத்துல ஈரத்தைத் துடைச்சேன், அது எங்க போகும், போன் கண்ணாடியிலயா துடைக்க முடியும், இருந்தாலும் துடைச்சேன்.

பேசிப் பேசியே ஏழு மணி ஆயிடுச்சு, அவ சாப்பிட்டுப் படுக்கணும், ராத்திரிக்கு மேல தண்ணிகூடக் குடிக்கக் கூடாதாம். "சரி தங்கம், தைரியமா போயிட்டு வா, வைக்கட்டுமா"ன்னேன். "நீ வைம்மா"ன்னா. அவளா வைக்கமாட்டா, அது அவளுக்கு ஒரு வீம்பு, என் பக்கத்துலேர்ந்து என்னிக்கும் கட் ஆகாதும்பா. நான் சிவப்பைத் தேடினேன். இல்லை. கீழ தொட்டேன், மேல தொட்டேன், ஓரப் பட்டனை மூணு தரம் அமுக்கினேன், என்னமோ நாலு எண் கேக்குது. மூடறதுக்குச் சொல்லிக் குடுத்தவர் திறக்கறதுக்குச் சொல்லித் தரலையே. "ஏங்க, இது வைக்க வரமாட்டேங்குது, என்னமோ நம்பர் கேக்குது, கொஞ்சம் வாங்க"ன்னு கூப்பிட்டேன். கூப்பிட்டதுக்கப்பறம்தான் எனக்கு உறைச்சுது யாரை யார் முன்னாடி கூப்பிட்டிருக்கேன்னு. போன்ல அவ அப்படியே உட்கார்ந்திருக்கா. முன் ரூம்ல பேப்பர் மடியற சத்தம், ஒழுங்கா, நாலா மடியற சத்தம். வந்தார். ப்ரிட்ஜ் பக்கம் நிக்கலை. நேரா என் நாற்காலிக்குப் பின்னாடி வந்து குனிஞ்சார், கடையில ஆளுக்குக் கண்ணாடி மாட்டி விட்டுட்டுக் குனிஞ்சு பாப்பாரே அந்த மாதிரி. அவ அவசரமாக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டா. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருக்காங்க. இவர் என்கிட்டச் சொன்னார், "ப்ரேம் இடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. யார் போட்டுக் குடுத்தான்னு கேளு." "இங்க ஒரு கடையிலப்பா"ன்னு அவளே சொன்னா, குரல் உடைஞ்சு. "அவன் மூக்குல அளவு வச்சான், காதுல வைக்கலை. காதுலதான் வைக்கணும்." இது யாரைப் பாத்துச் சொன்னார்னு எனக்குத் தெரியலை, என்னைப் பாத்து இல்லை. "சரிங்கப்பா"ன்னா. "பயப்படாதே"ன்னார். "சரிங்கப்பா." அவ இனிமே படுக்கணுமே, இவர் வேற திடீர்னு திரும்பிப் போயிடுவாரோன்னு எனக்கு ஒரு பதைப்பு, "நம்பரைப் போடுங்க, பிள்ளை தூங்கட்டும்"னு உளறிட்டேன். இவர் ஒரு விரலை நீட்டினார், நம்பர்கிட்டக் கொண்டு போனார். எடுத்துக்கிட்டார். "மறந்து போச்சு"ன்னார். பவர் ப்ளஸ்ஸா மைனஸ்ஸா, எந்தக் கண்ணுல எவ்வளவுன்னு, இருபது வருஷத்துக்கு முன்னாடி வந்துட்டுப் போனவனுக்கும் சீட்டைப் பாக்காம சொல்ற மனுஷன், போன வாரம் அவரே போட்ட நாலு எண் மறந்து போச்சாம், என் முகத்தைப் பாக்காமலே சொல்றார். நான் என் நாற்காலியை விட்டு எழுந்தேன். இவர் அதுல உட்கார்ந்தார். "பரவால்லப்பா"ன்னா அவ, அழுதுக்கிட்டேதான், "ஞாபகம் வர்ற வரைக்கும் இருங்க."